மதிப்பெண்ணோடு காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வு நிதி கோரும் விண்ணப்பங்களை மதிப்பிடும் முறை குறித்து, பல ஆண்டுகள் விண்ணப்பித்தும் மதிப்பிட்டும் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தொடக்க காலத்தில் ஒரு விண்ணப்பத்துக்குப் 'புதுமை குறைவு' என்று இரண்டே சொற்கள் எழுதி, குறைந்த மதிப்பெண் இட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் எழுப்பப்பட்ட ஆய்வுக் கேள்விக்கு எந்த முந்தைய ஆய்வு விடை கண்டது என்று நான் குறிப்பிடவில்லை; உண்மையில் தேடிப் பார்க்கவும் இல்லை. அந்த விண்ணப்பதாரர் மறு ஆண்டு எதைத் திருத்தியிருக்க முடியும்?

வெறும் மதிப்பெண்ணில் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதை ஸ்வீடன் காட்டியது. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி மன்றத்திடம் 1995இல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நல்கை கேட்ட 52 பெண்களில் நால்வருக்கும், 62 ஆண்களில் 16 பேருக்கும் அது கிடைத்தது. மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண்கள் அரசு ஆவணங்களே என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கிறிஸ்டின் வென்னெரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவராலும் அவற்றை ஆராய முடிந்தது. ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் சுமார் இரண்டரை மடங்கு ஆய்வுப் பங்களிப்பு செய்திருக்க வேண்டும் என 1997இல் அவர்கள் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினர். குழு உறுப்பினரோடு தொடர்புடைய விண்ணப்பதாரருக்கு, அந்த உறுப்பினர் மதிப்பீட்டிலிருந்து விலகி நின்றபோதும், மற்றவர்கள் கூடுதல் மதிப்பெண் அளித்திருந்தனர். (விலகல் படிவத்தில் கையெழுத்திட்டதோடு கடமை முடிந்தது என்று நாம் எண்ணுவதுண்டு.)

பாரபட்சம் இல்லாத இடத்திலும் எண் மட்டும் உதவாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு வந்த 25 விண்ணப்பங்களை 43 அறிஞர்களிடம் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களிடையே ஏறத்தாழ எந்த ஒத்த கருத்தும் தென்படவில்லை.

ஆகவே, குறை சொல்பவர் அது விண்ணப்பத்தின் எந்தப் பகுதியில் உள்ளது, திட்டத்தையே கவிழ்ப்பதா, திருத்தக்கூடியதா என்பதை எழுத வேண்டும். தமக்குப் பழக்கமில்லாத பகுதியை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். விண்ணப்பதாரரின் கல்லூரிப் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், செய்முறையைப் படித்துவிட்டு எழுத வேண்டும். சிறிய ஊர்க் கல்லூரிகளில் இருப்போர் இதனால் இழப்பது அதிகம்.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றம் தன் பல திட்டங்களில் மதிப்பீட்டாளர்களின் கருத்தை விண்ணப்பதாரருக்குக் காட்டி, இறுதி முடிவுக்கு முன் பதில் எழுத வாய்ப்பளிக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆய்வு நிதி வழங்கும் நமது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் எல்லாத் திட்டங்களிலும் அந்த வாய்ப்பை வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.