போகஸ் பண்ணாமலே போட்டோ எடுக்கலாம் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல புதுசா கேமரா வாங்குறவங்களுக்குன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. முக்காவாசி நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்றதுக்கு இல்ல. ஆனா கடைசி பத்தில "மேனுவல் போகஸ் லென்ஸ் எல்லாம் பழைய பொருள் சேர்க்கிறவங்களுக்குத்தான், வேகமா எடுக்க முடியாது, அந்தப் பக்கமே போகாதீங்க"ங்கிற மாதிரி ஒரே வரில முடிச்சுட்டாரு எழுதினவரு. அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல. 135, 200 எம்எம் மாதிரி தூரத்துல இருக்கிறத கிட்டக் காட்டுற டெலி லென்ஸுக்கு அவர் சொல்றது சரி, ஓடுற மாட்ட 200-ல வச்சு கையால போகஸ் பண்ணி எடுத்தவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். ஆனா ஒயிட் ஆங்கிள் பிரைமுக்கு, அதாவது நெறைய இடத்த அடக்குற ஜூம் இல்லாத லென்ஸுக்கு, அது அப்படியே தலைகீழ். 24, 28 எம்எம்ல மேனுவல்தான் சார் வேகம், ஏன்னா அங்க போகஸே பண்ண வேண்டியதில்ல.

நான் மதுரைல ஸ்டூடியோ வச்சிருந்தவன். 91-ல ஒரு ஸ்டூடியோல வேலைக்கு சேந்தேன், முதலாளிகிட்ட நிக்கான் எஃப்எம்2 கேமரா ஒண்ணு, அதுக்கு 24 எம்எம் 2.8 நிக்கார் லென்ஸ் ஒண்ணு இருந்துச்சு. மத்த லென்ஸ எல்லாம் எங்க கைல குடுப்பாரு, 24-ஐ மட்டும் தர மாட்டாரு. அடுத்த வருசம் சித்திரைத் திருவிழாவுக்கு அவருக்குக் காய்ச்சல், வேற வழியில்லாம என்னைய அனுப்புனாரு. அனுப்பும்போது லென்ஸோட போகஸ் ரிங்க ஒரு இடத்துல வச்சு கருப்பு டேப்ப சுத்தி ஒட்டிட்டாரு. "எஃப் 8-ல வையி, ரிங்கத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்"னாரு. எஃப் நம்பர்ங்கிறது லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் கூடக் கூட துவாரம் சின்னதாகும், தெளிவா விழுற தூரம் கூடும். எனக்கு ஒண்ணும் புரியல, போகஸ் பண்ண விடாம போட்டோ எடுக்க அனுப்புறாரே இந்த மனுசன்னு திட்டிக்கிட்டே போனேன்.

அழகர் ஆத்துல இறங்குறத நேர்ல பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஏவி பாலத்துல இருந்து கீழ ஆழ்வார்புரம் கரை வரைக்கும் தலை தலையாத்தான் தெரியும், மணல் தெரியாது. அழகர் வேசம் போட்டவங்க தோல்பைல தண்ணிய நிரப்பி துருத்தில பீய்ச்சி அடிப்பாங்க, பொம்பளைங்க செம்புல சர்க்கரை நிரப்பி மேல சூடத்த ஏத்தி தூக்கிப் பிடிச்சிருப்பாங்க, எல்லாருக்கும் சாமி என்ன கலர் பட்டுல வர்றாருன்னு பாக்கணும், பச்சைன்னா அந்த வருசம் வெள்ளாமை நல்லா இருக்கும்னு நம்பிக்கை. அந்தக் கூட்டத்துல வியூபைண்டர்ல கண்ண வச்சீங்கன்னா அடுத்த செகண்ட் பின்னால இருக்கிறவன் முழங்கை உங்க காதுல இருக்கும். கைய தலைக்கு மேல தூக்கித்தான் அமுக்க முடியும். தங்கக் குதிரை கிட்ட வந்தப்ப நான் அப்படித்தான் கண்ண மூடிட்டு அமுக்குன மாதிரி அமுக்கினேன். பிலிம கழுவிப் பாத்தா எனக்கு முன்னால ஒன்றரை மீட்டர்ல துருத்தியோட நிக்கிற பெரியவர் மீசையும் ஷார்ப்பு, அவருக்குப் பின்னாடி குதிரை மேல சாமியும் ஷார்ப்பு, அதுக்கும் பின்னாடி பாலத்துக் கைப்பிடில உக்காந்திருக்கிற பயலுகளும் ஷார்ப்பு.

அப்பத்தான் முதலாளி கணக்க சொல்லிக் குடுத்தாரு. 24 எம்எம்ல எஃப் 8 வச்சு, போகஸ 2.4 மீட்டர்ல நிறுத்தினா, அதுல பாதி, அதாவது 1.2 மீட்டர்ல இருந்து முடிவிலி வரைக்கும் எல்லாமே தெளிவா விழும். இப்படி நிறுத்துற தூரத்த ஹைப்பர்போகல்ம்பாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள், லென்ஸோட எம்எம் நம்பர வர்க்கம் பண்ணி, எஃப் நம்பர் பெருக்கல் 0.03-ஆல வகுக்கணும். 0.03-ங்கிறது பிலிம்ல எத்தன மில்லிமீட்டர் மங்கல் வரைக்கும் தெளிவுன்னு ஏத்துக்கிறோம்ங்கிற அளவு. 24 வர்க்கம் 576, அத 0.24-ஆல வகுத்தா 2400 மில்லிமீட்டர், வந்துருச்சா. 28-க்கு இதையே போட்டா 3.3 மீட்டர் கிட்ட வரும், 20-க்கு 1.7 கூட வராது. 50-க்கு போட்டுப் பாருங்க, 10 மீட்டர் தாண்டிரும், அதனாலதான் இந்த வித்தை 50-ல எடுபடாது. பழைய லென்ஸ்ல இந்தக் கணக்கக்கூட போட வேண்டாம், சில எஃப் நம்பருக்கு ஒவ்வொரு கலர் குடுத்து அதே கலர்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டிருப்பான், முடிவிலிய ஒரு பக்கக் கோட்டுக்கு நேரா வச்சா இன்னொரு பக்கக் கோடு எங்க நிக்குதோ அங்க இருந்து எல்லாம் தெளிவு. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட எடுக்கலாம்.

ஒரு விசயம் ஒத்துக்கிறேன். அந்தக் கோடெல்லாம் பிலிம் காலத்துல, ஓரளவு சைஸ் பிரிண்ட் போட்டு கைல வச்சுப் பாக்குற கணக்குக்குப் போட்டது. இன்னிக்கு 24 மெகாபிக்சல்ல எடுத்து கம்ப்யூட்டர்ல நூறு சதவீதம் பெருசாக்கி மூக்க ஒட்டிப் பாக்குறாய்ங்க, பாத்துட்டு தூரத்துல கோபுரம் கொஞ்சம் மங்கலா இருக்குங்குறாய்ங்க. அதுக்கு என் வழி, எஃப் 8-ல எடுத்தாலும் எஃப் 5.6-க்கு அந்தக் கணக்கு சொல்ற தூரத்துல போகஸ வைக்கிறது. 24-க்கு அது 3.4 மீட்டர், கிட்டத்துல 1.7-ல இருந்து தெளிவு. கிட்டத்துல கொஞ்சம் தெளிவு போகும், கோபுரம் தெளிவா நிக்கும்.

விடியிறதுக்கு முன்னால எஃப் 8 எல்லாம் நடக்காது, வெளிச்சம் பத்தாது. அப்ப எஃப் 4-ல வச்சு போகஸ 3 மீட்டர்ல நிறுத்திருவேன். முன்னால சுமார் 1.85 மீட்டர், பின்னால 8 மீட்டர், அந்தக் கட்டத்துக்குள்ள வர்றத மட்டும் எடுக்கிறது, வெளிய இருக்கிறத விட்டுர்றது. இதே நேரத்துல ஆட்டோபோகஸ் என்ன பண்ணும் தெரியுமா, முன்னால சூடம் எரியுதுல்ல, அதப் புடிச்சுக்கும், இல்லன்னா துருத்தித் தண்ணியப் புடிச்சுக்கும், இல்லன்னா எதையும் புடிக்காம டிர்ரு டிர்ருன்னு முன்னயும் பின்னயும் ஓடும், அதுக்குள்ள சாமி போயிருவாரு. இப்ப வர்ற, உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுல ஆளுங்க கண்ணத் தேடிப் புடிக்குதுங்குறாங்க, உண்மைதான், என் மருமகன்கிட்ட இருக்கு, ஆனா ஆயிரம் கண்ணு இருக்கிற இடத்துல எந்தக் கண்ணன்னு அதுக்கு யாரு சொல்றது? அமெரிக்காவுல கேரி வினோகிராண்ட்னு ஒருத்தர், நியூயார்க் தெருவுல லைக்கா எம்4-ல 28 எம்எம் போட்டு நடந்துக்கிட்டே எடுத்தவரு, அந்தக் கேமராவுல ஆட்டோபோகஸே கிடையாது.

சரி, உங்க கட்டுரையப் பாத்துட்டு மேனுவல் வாங்கலாமான்னு யோசிச்சு பயந்துபோன புள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை. பிலிம் அளவ விடச் சின்ன சென்சார் இருக்கிற கேமராவுல 24-ஐப் போட்டா அது நிக்கான் கணக்குல 36 மாதிரிதான் காட்டும், அப்புறம் "அண்ணே ஒயிட்டே வரலையே"ன்னு கேக்கக் கூடாது. அதுக்கு மேல, டி5600 மாதிரி சின்ன நிக்கான் பாடில இந்தப் பழைய லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், ஆனா வெளிச்சத்த அளக்குற லைட் மீட்டர் வேலை செய்யாது, எம், அதாவது மேனுவல் மோடுல வச்சு நீங்களாத்தான் எடுத்துப் பாத்து எடுத்துப் பாத்து சரி பண்ணணும். டி750 மாதிரி பாடின்னா மெனுவுல 24, 2.8-ன்னு பதிஞ்சிட்டா மீட்டர் வேலை செய்யும். மிரர்லெஸ்ல அடாப்டர்ங்கிற இணைப்பு வளையம் போட்டு மாட்டலாம், ஆனா நெறைய அடாப்டர் ஒரு மயிரிழை கம்மி தடிமனா செஞ்சிருப்பான், அதனால ரிங்க கடைசி வரைக்கும் திருப்பினா முடிவிலியையும் தாண்டிப் போயிரும், எல்லாம் மங்கலா வரும். வாங்கினதும் முதல் வேலையா தூரத்துல ஒரு டவர பெருசாக்கிப் பாத்து உண்மையான முடிவிலி எங்க இருக்குன்னு குறிச்சு வச்சுக்கணும்.

புது லென்ஸுன்னாலும் இத செய்ங்க. நான் நாலஞ்சு வருசம் முன்னால ஒரு புது மேனுவல் லென்ஸ் வாங்கினேன், 14 எம்எம், கம்பெனி பேரு வேணாம், நிலாவப் பாத்து போகஸ் பண்ணா ரிங்குல 2 மீட்டர்ங்குது! கேட்டா "எல்லாம் அப்படித்தான் சார் வரும்"னு பதில். இப்ப அதுல வெள்ளை டேப் ஒட்டி நானே பேனாவுல எழுதி வச்சிருக்கேன்.

லென்ஸுக்குள்ள பூக்குற ஃபங்கஸ் பத்தி கட்டுரைல சொல்லிட்டீங்க, டார்ச் அடிச்சுப் பாத்து வாங்குங்க, அவ்வளவுதான்.

மத்தபடி ஒயிட் ஆங்கிளோட குணம் மேனுவலா இருந்தாலும் ஆட்டோவா இருந்தாலும் மாறாது. கேமராவ மேல தூக்கினா நாயக்கர் மகால் தூணெல்லாம் உள்பக்கமா சாயும். கல்யாண குரூப்புல ஓரத்துல நிக்கிறவங்க முகம் இழுத்துக்கிட்டுப் போகும். ஒரு தடவ அவசரத்துல 24-லயே மேடை குரூப் எடுத்துட்டேன், ஓரத்துல நின்ன பொண்ணோட தாய்மாமன் தலை பரங்கிக்காய் மாதிரி வந்திருச்சு, ஆல்பத்தப் பாத்துட்டு அவரு அதுக்கப்புறம் எங்க ஸ்டூடியோ பக்கம் வரவே இல்ல. சீர்வரிசை எல்லாம் செஞ்ச மனுசன், கோவம் வராதா.

எனக்கு நெசமாவே வருத்தம் என்னன்னா, இப்ப வர்ற ஆட்டோபோகஸ் பிரைம் நெறையத்துல தூரத்த காட்டுற அந்தக் கோடும் நம்பருமே இல்ல. ரிங்கு நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு, முடிவிலி எங்கன்னு கைக்குத் தெரியாது, கேமராவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சிலதுல வச்ச போகஸும் போயிருது. நிக்கான் 24 2.8-ஐ 1967-ல கொண்டுவந்தப்பவே கிட்டத்துல போகஸ் பண்ணும்போது ஓரம் கெடக் கூடாதுன்னு உள்ள இருக்கிற கண்ணாடிங்க தனித்தனியா நகர்ற மாதிரி செஞ்சான், 30 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம், அவ்வளவு மூளைய செலவழிச்சவன் வெளிய நாலு நம்பர் போடுறதையும் மறக்கல. இன்னிக்கு லட்ச ரூபா லென்ஸ்ல அந்த நாலு நம்பர் இல்ல.

உங்க பேப்பர்லயே திருவிழாவுக்குப் போற போட்டோகிராபருங்க இருப்பாங்க, அதுல மூத்தவரு யாரையாவது புடிச்சு 24, 28-ல அவரு எப்படி எடுத்தாருன்னு அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்க, நான் சொல்றத விட நல்லா சொல்லுவாரு.

அப்புறம் ஒரு திருத்தம் போடணும். கட்டுரைக்கு மேல "ஒயிட் ஆங்கிள் லென்ஸ்"னு எழுதி ஒரு படம் போட்டிருந்தீங்கள்ல, லென்ஸ பெருசாக்கிக் கொஞ்சம் பாருங்க, முன்பக்க வளையத்துலயே 50-ன்னு எழுதியிருக்கு, அது ஒயிட் ஆங்கிளே இல்ல.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
மதுரை.