பெர்கோலா வேறு, கெசிபோ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் நிழற்கூரை அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பலருக்கும் பயன்படும் கட்டுரைதான். ஆனால் எட்டுப் பட்டை (எட்டுப் பக்க) மூடிய கூரை போட்ட கெசிபோவின் படத்துக்குக் கீழே, திறந்த சட்டக் கூரைக்கு உரிய ‘பெர்கோலா’ என்ற பெயர் அச்சாகியிருந்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இந்த வேலையே தொழிலாக இருக்கும் எங்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. வீட்டுக்காரர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். கான்ட்ராக்டர் வேறொன்றை மனதில் வைத்து கொட்டேஷன் போடுகிறார். முன்பணம் கைமாறி, கால்களும் நட்டான பிறகுதான் மழைக்கு அடியில் ஒதுங்க முடியாது என்று தெரியவருகிறது. பெயரை யார் எப்படிச் சொன்னாலும் சொல்லட்டும். கூரையையும் காலையும், அது எதைச் சுமக்கப்போகிறது என்பதையும் பார்த்துவிட்டால் எது எது என்று பிரித்துவிடலாம்.

அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். சட்டங்களுக்கு நடுவே வானம் தெரிந்தால் அது பெர்கோலா. நான்கு கால், அவற்றின் தலையில் இரண்டு உத்தரம், உத்தரத்தின் மேல் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். வீட்டுச் சுவரை ஒட்டியும் நிற்கும், தனியாகவும் நிற்கும். நம் பாகல், புடலைப் பந்தலுக்கு நெருங்கிய உறவு. பந்தலில் கம்பி இழுக்கும் இடத்தில் இதில் சட்டம் வைக்கிறோம். மழையை இது தடுக்கவே தடுக்காது. வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பது சட்டம் ஓடும் திசையைப் பொறுத்தது. படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

நம் பக்கம் சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே போகிறது. சட்டங்களைக் கிழக்கு மேற்காக ஓடவிட்டால் சூரியனும் அதே வாட்டத்தில் நகரும். காலை முதல் மாலை வரை இடைவெளி வழியே வெயில் பட்டை பட்டையாக விழுந்துகொண்டே இருக்கும். வடக்கு தெற்காக ஓடவிட வேண்டும். ஆறங்குல உயரச் சட்டங்களை நான்கங்குல இடைவெளியில் நிறுத்தினால், அந்த மாதங்களில் காலை 10 மணி வரையிலும் பிற்பகல் 2.30 மணிக்குப் பிறகும் நேர் வெயில் கீழே விழாது. நடுப்பகலில் விழத்தான் செய்யும். ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள சட்டம் உச்சிவேளையில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நிழல் தரும். மீதி நிழலுக்குத்தான் மேலே கொடி ஏற்றுவது.

எந்தக் கொடி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முல்லை, பிச்சி, சங்குப்பூ என்றால் பாரம் குறைவு. ரங்கூன் மல்லியும் காகிதப்பூவும் நாலைந்து வருஷத்தில் கட்டையாகி, மழையில் நனைந்ததும் உத்தரத்தைத் தொங்கவைத்துவிடும். இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டத்தைப் படுக்கையாக வைத்துவிட்டு, மரம் சரியில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அதே சட்டத்தை நெட்டாக, அதாவது குறுகிய பக்கம் கீழே வர, நிறுத்தினால் நான்கு மடங்கு விறைப்பு. பத்தடி இடைவெளிக்கு, கனத்த கொடி ஏறப்போகிறது என்றால், குறைந்தது இரண்டுக்கு ஆறு அங்குலச் சட்டம் நெட்டாக நிற்க வேண்டும்.

கெசிபோ தனியாக நிற்பது. ஆறு பட்டை அல்லது எட்டுப் பட்டை, சில இடங்களில் சதுரம். கூரை முழுக்க மூடியிருக்கும், பக்கங்கள் திறந்திருக்கும், தரை ஒரு படி உயர்ந்திருக்கும், சுற்றிலும் இடுப்பளவுக் கிராதி இருக்கும். தெப்பக்குளத்து நடுவே நிற்கும் நீராழி மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபடும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே பத்தடி வேண்டுமென்றால் எட்டுப் பட்டையில் ஒவ்வொரு பக்கமும் 4 அடி 1¾ அங்குலம், அகலத்தை 0.414 ஆல் பெருக்கினால் எந்த அளவுக்கும் கணக்கு வந்துவிடும்.

கெசிபோவில் கோளாறு வருவது கூரையில்தான். எட்டுக் கைமரமும் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) உச்சியில் ஒரு குடுமிக்கட்டையில் சேர்கின்றன. கூரையின் பாரம் அவற்றின் வழியே இறங்கி, கால்களின் தலையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தலைகளைச் சுற்றி எங்கும் விட்டுப்போகாமல் ஓர் உத்தர வளையம் ஓடி, ஒவ்வொரு மூலையிலும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கியிருந்தால்தான் அந்தத் தள்ளுதலைத் தாங்கும். வெறும் ஆணி அடித்த கூரையில் முதலில் மூலைச் சேர்மானம் வாய்பிளக்கும். பிறகு குடுமி இறங்கும், கடைசியில் ஓடு நழுவும். வாட்டத்திலும், அதாவது கூரையின் சரிவிலும், கவனம் வேண்டும். கீற்றோ பனை ஓலையோ வேய்ந்தால் ஓரடிக்கு ஓரடி ஏற்றம். மங்களூர் ஓட்டுக்குப் பத்தடிக்கு ஐந்து முதல் ஆறடி. தகரத்துக்குப் பத்தடிக்கு ஒன்று, ஒன்றரை போதும். ஓலைக் கூரையைத் தகரத்தின் வாட்டத்தில் போட்டால் தண்ணீர் வடியாமல் உள்ளே ஊறி ஓலை மக்கிவிடும்.

அதே மூடிய கூரை நீள்சதுரமாக, இருபது முப்பது பேர் உட்காரும் அளவில், தரைமட்டத்தில் இருந்தால் பெவிலியன். நம் ஊர்க் கொட்டகை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆர்பர் சிறியது: வாசல் கேட்டுக்கு மேலோ ஒரு பெஞ்சுக்கு மேலோ, நாலைந்தடி அகலத்தில் வளைந்து நிற்கும், தலை தட்டாமல் இருக்க ஏழடி உயரம் வேண்டும். டிரெல்லிஸ் என்பது வெறும் கொடித்தட்டி, கூரை கிடையாது. சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி மாட்டுங்கள். ஒட்டி மாட்டினால் காற்றோட்டம் இல்லாமல் சுவரில் ஈரம் தங்கும்.

இனி காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசி, சுரண்டைப் பக்கமும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பணகுடி, ராதாபுரம் பக்கமும் வீசும் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு அங்கே நிற்கும் காற்றாலைகளே சாட்சி. திறந்த பெர்கோலாவில் காற்று ஊடே போய்விடும். மூடிய கூரையில் அடியில் புகுந்து மேலே தூக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகச் சூறைக்காற்று ஒரு சதுர மீட்டருக்கு 45 கிலோவுக்கு மேல் அழுத்தும். 13 அடிச் சதுரக் கூரை முழுவதுக்கும் 700 கிலோவைத் தாண்டும். தகரமோ மொத்தமே 100 கிலோ தேறாது. கூரை பறக்காமல் பிடித்து நிறுத்துவது காலின் அடியில் குழியில் போடும் கான்கிரீட்டின் எடைதான். அதனால்தான் குழி வேறுபடுகிறது. பெர்கோலாவின் ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரையடிச் சதுரம், இரண்டடி ஆழக் கான்கிரீட் (சுமார் 300 கிலோ) பொதுவாகப் போதும். கெசிபோவுக்கு இரண்டடிச் சதுரம், இரண்டரையடி ஆழம் (680 கிலோ) வேண்டும்.

பெர்கோலா கட்டி ஒரு வருஷம் கழித்து அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட்டோ நிழல்வலையோ போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. எங்களுக்குப் பெரிய கவலை இதுதான். திறந்த கூரைக்குப் போட்ட குழி அப்படியே இருக்க, கூரை மட்டும் பாய்மரமாகிவிடுகிறது. சட்டங்கள் மட்டமாக இருப்பதால் ஷீட்டின் மேல் தண்ணீரும் தேங்கும். மூன்று மீட்டர் ஷீட் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஆறு மில்லிமீட்டர் நீளும். திருகின் அளவுக்கே துளை போட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் குழியைப் பெரிதாக்கி, வாட்டம் கொடுத்துச் செய்யுங்கள். வலை என்றால் ஆனி பிறக்குமுன் கழற்றி, ஆவணியில் கட்டுங்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். சங்கரன்கோவில், கயத்தாறு பக்கக் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே குழி நான்கைந்தடி இறங்காவிட்டால் ஒரே வருஷத்தில் ஒரு கால் உயர்ந்து நிற்கும். திசையன்விளைப் பக்கத் தேரி மணலில் ஆழத்தைவிட அடி அகலம் முக்கியம். எந்த மண்ணானாலும் மரக்காலை நேரே மண்ணில் புதைக்காதீர்கள். கறையானுக்கு அது விருந்து. கான்கிரீட்டைத் தரைக்கு மேல் ஆறங்குலம் எழுப்பி, இரும்புக் காலணியில் நிறுத்துங்கள். ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் அடிப்பதையும், குழாயின் வாயை மூடுவதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சதுர அடிக் கணக்கை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கால் முதல் கால் வரை 10 அடி, நான்கு பக்கமும் கூரை ஒன்றரையடி வெளியே நீண்டிருந்தால், கால் கணக்கில் 100 சதுர அடி, கூரைக் கணக்கில் 169.

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது கூரை திறந்ததா மூடியதா, கால் எத்தனை, குழி எவ்வளவு ஆழம் என்பதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிழையாக வந்த படத்துக்கான திருத்தம் புரட்டாசிக்குள் வெளியானால், ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தோட்டக் கூரை வேலை செய்யும் தச்சர், வெல்டர், கொத்தனார் சிலர்,
பாளையங்கோட்டை வட்டாரம்.