கருவிக்குத் தரும் கவனம் மேலட்டுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் இசைக்குழுக்களுக்குத் தாளக் கருவிகள் வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டிம்பனி என்னும் பெரிய கிண்ண முரசின் செம்புக் கிண்ணத்தையும், மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய மரிம்பாவின் கட்டைகளையும் விரிவாக விளக்கிய கட்டுரையாளர், அவற்றை ஒலிக்கச் செய்யும் மேலட்டுகளை, அதாவது நுனியில் தலை பொருத்திய அடிகோல்களை, ஒரே வரியில் கடந்துவிட்டார். பல ஆண்டுகளாக இக்கருவிகளைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

மேலட்டின் தலை, அது அடிக்கும் கட்டையைவிடக் கடினமாக இருக்கக் கூடாது என்பதே முதலில் கற்க வேண்டியது. எஃகுக் கட்டைகள் கொண்ட குளோக்கன்ஸ்பீல் பித்தளைத் தலையையும் தாங்கும். ரோஸ்வுட் மரக்கட்டைகள் கொண்ட சைலஃபோனும் மரிம்பாவும் தாங்கா. ஒருமுறை ஒத்திகையில், அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பித்தளை மேலட்டால் ஒரு மாணவன் மரிம்பாவில் நான்கைந்து அடிகள் அடித்துவிட்டான். அந்தப் பள்ளங்கள் இன்றும் கட்டைகளில் இருக்கின்றன. அவனைக் கடிந்து பயனில்லை, பித்தளை மேலட்டையும் மரிம்பா மேலட்டையும் ஒரே பையில் போட்டு வைத்தவன் நான்தான்.

மரிம்பாவுக்குள்ளேயே கூட ஒரே மேலட் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கீழ்ச்சுரங்களின் அகன்ற கட்டைகளைக் கடினமான தலையால் அடித்தால் நாதம் எழுவதற்கு முன்பே 'டக்' என்ற தட்டொலிதான் காதில் விழுகிறது. மேல்சுரங்களை மென்மையான தலையால் அடித்தாலோ ஒலி மங்கிவிடுகிறது. அதனால்தான் நான்கு மேலட்டுகளை ஏந்தி வாசிப்பவர்களில் பலர், கம்பளி நூல் சுற்றிய தலைகளை இடமிருந்து வலமாக மென்மையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக வரிசைப்படுத்திக் கொள்கிறார்கள். தலையைத் தாங்கும் கைக்கோலும் கவனிக்கத்தக்கது: பிரம்பு வளைந்து கொடுக்கும், பிர்ச் மரம் விறைப்பாக நிற்கும்.

திறந்தவெளிக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. வாசிப்பவர் தன் கைக்கு அருகில் கேட்கும் ஒலியும், மைதானத்தின் மறுகோடியில் இருப்பவர் கேட்கும் ஒலியும் ஒன்றல்ல. அருகில் முரடாக ஒலிக்கும் மேலட் அங்கே தெளிவாகவும், அருகில் இனிமையாக ஒலிப்பது அங்கே குழப்பமாகவும் கேட்கும். ஆகவே மேலட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, தொலைவில் போய் நின்று கேட்க வேண்டும். அணிவகுப்பில் சுமந்து வாசிக்கும் பேஸ் டிரம் என்னும் பெரிய முரசுகளில் 18 அங்குல டிரம்முக்கும் 32 அங்குல டிரம்முக்கும் ஒரே அளவுத் தலை உதவாது. டிரம் பெரிதாகப் பெரிதாகத் தலையும் பெரிதாக வேண்டும். கெவ்லார் என்னும் வலுவான செயற்கை இழைத் தோலை இறுக்கிக் கட்டிய அணிவகுப்பு ஸ்னேருக்கென்று (அடியில் கம்பிகள் அதிரும் சிறு முரசு) செய்த தடித்த குச்சியை அரங்க ஸ்னேரில் மெல்லிய உருட்டலுக்குப் பயன்படுத்தச் சொல்வது மாணவரை வதைப்பதாகும்.

1830-இல் அரங்கேறிய தம் சிம்பொனியில், டிம்பனியைக் கடற்பஞ்சுத் தலைக் கோலால் அடிக்க வேண்டுமென்று பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இசைக்குறிப்பிலேயே எழுதினார். அவர் எழுதிவைத்ததைப் பின்பற்ற நமக்குக் கிடைப்பதோ, பெரும்பாலும் கருவியோடு இலவசமாக வந்த ஒரே ஒரு இணை. கருவி வாங்கத் திட்டமிடுவோர் டிம்பனிக்கு மட்டுமாவது மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று இணைகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குமாறும், தலையை மூடிய ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) தேய்ந்து கட்டி தட்டியவுடன் அதை மாற்றுமாறும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாள இசை ஆசிரியர் ஒருவர்