சுங்குடியில் வரச் சொல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனதிலிருந்த பாரம் இறங்கியது. கட்டுப் பிரித்த மறுநாள் வாசலில் நீ போட்ட கோலத்தின் புள்ளிகளை அம்மா எண்ணிச் சொன்னார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். இங்கே எல்லோரும் நலம். கால் நரம்புக்கு நான் எடுத்துக்கொண்ட சிகிச்சை பலித்திருக்கிறது. மாலையில் வீக்கம் வருவதில்லை. சின்னவன் கோயம்புத்தூர் விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டான்.

சென்னை மாலில் உள்ள துணிக்கடையிலிருந்து உன் மகளுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால்தான் கடைகளில் ஆள் எடுப்பார்கள். சரியான நேரத்தில் விண்ணப்பித்திருக்கிறாள். ஆனால் கம்மலை அடகு வைத்து நாலாயிரம் ரூபாய்க்கு உடை எடுக்கப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதே.

நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சென்னைக்கு வந்த புதிதில், 1999இல், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போனேன். வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு பளபளப்பான சேலையை இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன். முதலாளி வேறு எதுவும் கேட்கவில்லை. "கட்டியிருப்பது என்ன துணி?" என்றார். "பட்டு" என்றேன். முந்தானை நுனியை எடுத்து விரலிடுக்கில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். "இது ஆர்ட் சில்க். நாளைக்குக் கஸ்டமரிடமும் பட்டு என்றுதானே சொல்வாய்?" என்று அனுப்பிவிட்டார். படியிறங்கும்போது அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் கேட்டது எவ்வளவு சரி என்பது பத்து நாளில் புரிந்தது. அடுத்த கடைக்கு என் சொந்தச் சின்னாளப்பட்டிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அது எங்கே நெய்தது, எப்படித் துவைப்பது, கஞ்சி எவ்வளவு போடுவது, எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டவற்றுக்கெல்லாம் பதில் என்னிடம் இருந்தது. அன்றே வேலை கிடைத்தது.

ஜவுளிக்கடையில் வேலை கேட்டுப் போகிறவள் உடுத்தியிருக்கும் துணிதான் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. விலை எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்கெல்லாம் அது பார்த்தவுடனே தெரியும். தன் உடம்பில் இருப்பதைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது நானே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன். போன வருடம் ஒரு பெண் வந்தாள். நல்ல குர்தா, நல்ல நிறம். குனிந்து கையெழுத்துப் போடும்போது பின்கழுத்திலிருந்து விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல் எட்டிப்பார்த்தது. நேர்காணல் முடிந்ததும் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் கையைத் தூக்கவே பயந்துகொண்டிருந்தாள். வியர்வைக் கறை பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களே. மேல் தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுக்கச் சொன்னபோது அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவளைத் தனியே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். வேலையும் கொடுத்தேன். ஆனால் எல்லா மேசையிலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேனே.

ஆகவே நான் சொல்வதைக் கேள். உன் அம்மாவின் அரக்கு நிற மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று, முந்தானை பொசுங்கியதால் பெட்டியிலேயே கிடக்கிறது என்று போன பொங்கலுக்குச் சொன்னாய் அல்லவா? அதை எடு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பார். நூல் விலகினால் வேண்டாம், பழந்துணி தையலில் கிழிந்துவிடும். தாங்கினால் ஒரு குர்தாவுக்கு இரண்டரை மீட்டர் போதும், பொசுங்கிய இடத்தைத் தொடவே வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கச் சொல். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாற்றிக்கொண்டு போனார்களே தையல்காரர்கள், அவர்களில் நீ வழக்கமாகக் கொடுப்பவரிடமே கொடு. கூடவே கறுப்பு நிறத்தில் நேரான பேன்ட். துப்பட்டா வேண்டாம். குனிந்து நிமிரும் வேலையில் அது தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைச் சரிசெய்வதிலேயே கவனம் போய்விடும்.

தைத்து வந்ததும் அவளைப் பாட்டியின் அருகில் உட்கார வைத்துப் பேசவிடு. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, காய்ந்தபின் முடிச்சுகளைப் பிரித்தால் சாயம் ஏறாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டதை நாம் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறோமே. புவிசார் குறியீடு பெற்ற துணி அது. இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அச்சடித்தவை. கையால் முடிச்சிட்ட புள்ளி சற்றே கோணலாக, தொட்டால் சிறு சுருக்கம் தட்டுப்படும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவில் வழவழவென்று இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லத் தெரிந்தால் போதும், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றும் கற்றுக்கொடு. துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால் பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாசம் அடித்து, நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டு நிற்கும். என் முதல் கடையில் மூத்த விற்பனையாளர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுவதும் இதைத்தான் செய்துபார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்பாக இருக்கிறேன், குண்டாக இருக்கிறேன், மால் கடையில் எடுக்க மாட்டார்கள் என்று அழுகிறாள் என எழுதியிருந்தாய். அவளிடம் நான் சொன்னதாகச் சொல். எங்கள் கடைத் தளத்தில் 42, 44 அளவு கேட்டு வரும் பெண்கள் அவ்வளவு பேர். பொம்மைக்குப் போட்டிருக்கும் உடை தங்களுக்கு எப்படி விழும் என்று தெரியாமல், ட்ரையல் ரூமுக்குள் போகவே கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தோள் அளவு சரியாக இருந்தால் இடுப்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று தன் அனுபவத்திலிருந்து சொல்கிற ஒரு பெண்ணை அவர்கள் நம்புவார்கள். அவளுடைய உடம்பு இந்த வேலைக்கு ஒரு குறையே அல்ல. மனதாரச் சொல்கிறேன்.

வேறொரு கம்பெனியின் பெயர் பெரிதாக அச்சிட்ட எதையும் அணிய வேண்டாம். சென்ட் வேண்டாம். பூ வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள்ளட்டும், ஒரு சாண் போதும். மதுரைப் பெண்ணைப் பார்த்து மல்லிகையைக் கழற்றிவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

செருப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். புதுச் செருப்பு கூடாது. தட்டையாக, குதிகாலில் வார் உள்ளதாக, குறைந்தது இரண்டு வாரம் போட்டு நடந்ததாக இருக்கட்டும். காத்திருக்கும் நேரம் எல்லாம் நின்றுகொண்டே இருக்க வேண்டி வரலாம். என் கால் நரம்புகள் சுருண்டது இருபது வருடம் நின்றதால்தான். கடையில் உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் 2018இல் சட்டத் திருத்தம் வந்தது. நம் மாநிலத்தில் கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எங்கள் செக்‌ஷனுக்கு முதல் ஸ்டூல் வந்த நாளில் அதில் உட்காராமல் தொட்டுத் தொட்டுப் பார்த்த பெண்களை எனக்குத் தெரியும். "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது, கூட்டமில்லாத நேரத்தில் உட்கார இடம் உண்டா என்று உன் மகள் பணிவாகக் கேட்கட்டும். அது அவளுடைய உரிமை.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால் விடியற்காலையில் தாம்பரத்தில் நான் நிற்பேன், குரோம்பேட்டை பக்கம்தானே. அன்று மாலை அந்த மாலுக்கு அழைத்துப்போய்க் கடையைச் சுற்றிக் காட்டுகிறேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார்கள், பொம்மைகளுக்கு எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவைத்தால் மறுநாள் பேச்சுக்கு உதவும். குர்தாவை என் வீட்டிலேயே தேய்த்துக்கொள்ளலாம்.

மிச்சத் துணியில் பொசுங்கிய முந்தானைத் துண்டு மட்டும் எனக்கு வேண்டும், அவளிடம் கொடுத்தனுப்பு. அந்தக் கார்த்திகையில் அது பொசுங்கியது என் கையிலிருந்த விளக்கில்தான். நம்மில் யார் என்று அம்மா அன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கண் தெளிந்திருக்கிறது, நானே என்று அம்மாவிடம் நீ சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி