தலைமையாசிரியர்கள் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் அரசுப் பள்ளிகளின் நிலை குறித்துத் தங்கள் இதழ் உட்படப் பல இதழ்களில் கட்டுரைகள் வெளியாகின்றன. ஆசிரியர் பற்றாக்குறை, கட்டட வசதி, பாடநூலின் கனம் எனப் பல காரணங்கள் அவற்றில் அலசப்படுகின்றன. ஆனால் ஒரே ஒன்றியத்தில், ஒரே மாதிரியான குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் இரண்டு பள்ளிகளில் ஒன்று மட்டும் நன்றாக நடப்பதற்கு அங்குள்ள தலைமையாசிரியர் எந்த அளவுக்குக் காரணம் என்பது அரிதாகவே பேசப்படுகிறது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

நம் மாநில அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் பணியிடம் பணிமூப்பின்படி பதவி உயர்வாகவே கிடைக்கிறது. பல்லாண்டுகள் வகுப்பெடுத்த ஒருவர், ஓய்வுக்குச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ள நிலையில், கலந்தாய்வில் ஒரு பள்ளியைத் தேர்ந்து ஓரிரு நாள்களில் பொறுப்பேற்றுக்கொள்கிறார். அதுவரை எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவர் அன்று முதல் சம்பளப் பட்டியல், விலையில்லாப் பொருள்களின் இருப்புப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், பள்ளி, மாணவர் விவரங்களைச் சேகரிக்கும் துறையின் இணையதளமான எமிஸில் விவரப் பதிவு ஆகியவற்றுக்கு நடுவே நிற்கிறார். அவருக்குக் கற்பிக்கத் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் அமர்ந்து, அவர் மனம் புண்படாமல், அவர் கற்பித்தலை மேம்படுத்தும் வகையில் பேசுவது வேறொரு திறமை. அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பணிமூப்பு முறையையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. நேர்காணல் வைத்தால் தகுதியானவர்கள் வந்துவிடுவார்கள் என்று சிலர் எளிதாக எழுதிவிடுகிறார்கள். சிபாரிசு எந்தெந்த வாசல் வழியாக வரும் என்று அறிந்தவர்களுக்குப் பணிமூப்பின் அருமை தெரியும். குறை, பட்டியலில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்பதில் இல்லை. பெயர் வந்த பிறகும் அவரை ஆயத்தப்படுத்த ஏற்பாடு ஏதும் இல்லை என்பதில்தான் இருக்கிறது.

நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. பள்ளித் தலைமை பற்றி முன்னரே வெளியான ஆய்வுகளைத் தொகுத்து, தலைவர்களின் செயல்பாடுகளை ஐந்து வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மாணவர் கற்றலை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள் (எண் கூடுதலாக இருந்தால் விளைவும் கூடுதல்). பள்ளியில் ஒழுங்கான சூழலை நிலைநிறுத்துவதன் விளைவு 0.27 என்ற அளவிலும், கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடுவதன் விளைவு 0.42 என்ற அளவிலும் இருக்க, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்பதன் விளைவு 0.84 ஆக இருந்தது. ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரைவிட, அதே பயிற்சியில் அவர்களோடு மாணவராக அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரால் பிள்ளைகள் அதிகம் பயனடைகிறார்கள் என்பதே இதன் பொருள். அருகிலுள்ள சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக நடத்தப்படும் நம் குறுவள மையப் பயிற்சிகளில் தலைமையாசிரியர் எத்தனை பேரைக் காண முடிகிறது என்று வாசகர்களான ஆசிரியர்களே சொல்லட்டும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இருந்த தலைமையாசிரியர், வாரத்தில் குறைந்தது இரண்டு பாடவேளைகள் யாரேனும் ஒருவருடைய வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். பாடக்குறிப்பேட்டைக் கேட்க மாட்டார். பக்கத்திலிருக்கும் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்ப்பார். ஒருமுறை ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் தவறு என்று குறிக்கப்பட்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் ஆசிரியரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்த 35 எப்படி வந்தது, சார்?” ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாததால், அந்தப் பையன் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருந்தான். அவன் நோட்டைப் புரட்டியபோது எல்லாக் கணக்குகளிலும் அதே பிழை இருந்தது. மற்ற நோட்டுகளைப் பார்த்தபோது இன்னும் பலரிடமும் இருந்தது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கைகளைச் சுருக்கமாக வாசித்துவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதும் பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்குவதைக் குச்சிக் கட்டுகளைக் கொண்டு எப்படிக் காட்டலாம் என்று பேசினோம். தமிழாசிரியர்களும் அமர்ந்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் கூறிய யோசனைதான் இறுதியில் பயன்பட்டது.

இன்று வகுப்பறை உற்றுநோக்கல் நடைபெறாமல் இல்லை. ஆனால் அது கைப்பேசிச் செயலியில் உள்ள கட்டங்களை நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. கற்றல் உபகரணம் பயன்படுத்தப்பட்டதா, ஆம். மாணவர்கள் பங்கேற்றார்களா, ஆம். அத்தோடு பதிவேற்றம் முடிந்துவிடுகிறது. இதற்குத் தலைமையாசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. எழுத்தரே இல்லாத தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எல்லா விவரங்களுக்கும் அவர்களே பொறுப்பு. ஈராசிரியர் பள்ளிகளில் வகுப்புகளையும் அவர்களே எடுக்க வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கு நியமிக்கப்பட்டவர்களிடம் எமிஸ் பதிவுகள் ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளில் சுமை ஓரளவு குறைந்திருப்பதை வரவேற்க வேண்டும். ஆயினும் மேலதிகாரிகளின் ஆய்வுக் கூட்டங்களில் கேட்கப்படும் கேள்விகள் மாறவில்லை. தேர்ச்சி விழுக்காடு ஒன்றே கேட்கப்படும்போது, தலைமையாசிரியரின் கவனம் பத்தாம் வகுப்பின் மீது மட்டும் குவிகிறது. கழித்தல் தெரியாத ஆறாம் வகுப்பு மாணவன் நான்கு ஆண்டுகள் கழித்து ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில் வந்து சேர்கிறான்.

சிங்கப்பூரில் பள்ளி முதல்வர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் தேசியக் கல்விக் கழகத்தில் ஆறு மாத முழுநேரப் பயிற்சி பெறுகிறார்கள். இலங்கையில் பள்ளித் தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள்; அங்கே அதிபர் சேவை என்றே தனிச் சேவை உள்ளது. அதற்குப் போட்டித் தேர்வும் உண்டு. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. புதிய நிறுவனமும் தேவையில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் நம்மிடமே உள்ளன. பதவி உயர்வுக்குத் தகுதியானோர் பட்டியல் ஜனவரி முதல் நாள் நிலவரப்படி தயாரிக்கப்படுகிறது. கலந்தாய்வோ பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி நடைபெறுகிறது. அடுத்த கல்வியாண்டில் யார் யார் தலைமையாசிரியர் ஆவார்கள் என்பது துறைக்கு மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தும் அந்த மாதங்கள் வீணாகின்றன. பட்டியலில் உள்ளவர்களை, நன்கு நடைபெறும் வேறொரு பள்ளியின் தலைமையாசிரியரோடு இருந்து பணி பழகச் செய்யலாம். பொறுப்பேற்ற முதல் ஆண்டில், ஓய்வுபெற்ற சிறந்த தலைமையாசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து வழிகாட்டவும் ஏற்பாடு செய்யலாம். வழக்குகளால் பதவி உயர்வு தடைபட்டு, பொறுப்புத் தலைமையாசிரியர்களைக் கொண்டு நடைபெறும் பள்ளிகளில் அந்தப் பொறுப்பாசிரியர்களையும் இதில் சேர்த்துக்கொள்வது அவசியம். இத்தகைய உதவி மிகுதியாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

பொதுத்தேர்வு நெருங்கும் காலத்தில் அனுபவமிக்க ஆசிரியர்களை வெளியே அனுப்ப இயலாது என்ற ஆட்சேபம் எழும். அது நியாயமானதே. எனவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் என்றும், பொதுத்தேர்வு முடிந்து கீழ் வகுப்புகள் நடைபெறும் ஏப்ரல் மாதத்தில் தொடர்ச்சியாகப் பத்து நாள்கள் என்றும் இதை அமைத்துக்கொள்ளலாம். வரும் ஜனவரிப் பட்டியலிலிருந்தே ஓரிரு மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.