சார்பகத்துக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்

மேல்நிலைக் கணித வினாத்தாள் எழுதுவோருக்கும், விடைக்குறிப்பு தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

சார்புகளின் சேர்ப்பில் (ஒரு சார்பு தரும் விடையை இன்னொரு சார்புக்குள் போடுவதில்) கேள்வி வந்தால் பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றில் பிரதியிட்டு, சுருக்கி, கடைசி வரியைக் கட்டம் கட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேள்வி அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறது. சார்பகத்தை, அதாவது சார்பு எந்தெந்த எக்ஸை ஏற்கும் என்பதைக் கேட்டாலும், சுருக்கி வந்த கோவையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு ஜோடி போதும்.

எஃப்(எக்ஸ்) = √(4 − எக்ஸ்²)
ஜி(எக்ஸ்) = √(எக்ஸ் − 1)

எஃப் ஓ ஜி என்றால் முதலில் வேலை செய்வது ஜி. (இடப்பக்கமிருந்து படிக்கிறோம், வலப்பக்கமிருந்து கணக்கிடுகிறோம். பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பம். அந்த 'ஓ'வைப் பெருக்கல் குறி என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.) பிரதியிட்டால் √(4 − (எக்ஸ் − 1)), அதாவது √(5 − எக்ஸ்). இதை மட்டும் பார்ப்பவர் எக்ஸ் ≤ 5 என்று எழுதிவிடுவார்.

எக்ஸுக்கு −4 போட்டுப் பாருங்கள். சுருக்கிய கோவை கூசாமல் 3 என்று சொல்லும். ஆனால் −4 முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் ஜி. அங்கே √(−5) வருகிறது. மெய்யெண்களில் கணக்கு அதோடு நின்றுவிடும். ஜி கொடுக்காததை எஃப் எங்கிருந்து வாங்கும்? வர்க்கமும் வர்க்கமூலமும் அடிபட்டபோது, எக்ஸ் ≥ 1 என்ற நிபந்தனையும் தடயமில்லாமல் சேர்ந்து அடிபட்டுவிட்டது.

ஆகவே சுருக்குவதற்கு முன்பே சார்பகத்தைக் கண்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஜி ஏற்பது எக்ஸ் ≥ 1. அடுத்து, ஜி தரும் விடை எஃபின் சார்பகமான [−2, 2]க்குள் (−2 முதல் 2 வரை) விழ வேண்டும். வர்க்கமூலம் குறை எண் ஆகாது என்பதால் −2 பக்கம் கவலையில்லை. √(எக்ஸ் − 1) ≤ 2 என்பதை மட்டும் பார்த்தால் எக்ஸ் ≤ 5. இரண்டின் வெட்டு, அதாவது இரண்டுக்கும் பொதுவான பகுதி, [1, 5]. இனி எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளலாம்.

இதே ஜோடியைத் திருப்பி ஜி ஓ எஃப் கேட்டால் பிழையும் வேறாகிவிடும். உள்ளே இருக்கும் எஃபின் சார்பகம் [−2, 2] என்று சரியாகக் கண்டுபிடித்து, அதையே விடையாக எழுதி நிறுத்திவிடுவார்கள். எக்ஸ் = 2 என்றால் எஃப் தருவது 0. ஜியோ 1க்குக் குறைந்த எதையும் தொடாது. √(4 − எக்ஸ்²) ≥ 1 ஆக வேண்டும், எனவே எக்ஸ்² ≤ 3. சார்பகம் [−√3, √3].

வினா எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உள்சார்பின் வீச்சகம் (அது தரும் விடைகளின் தொகுப்பு) முழுவதும் வெளிச்சார்பின் சார்பகத்துக்குள் அடங்கினால்தான் சேர்ப்பு உண்டு என்று கறாராக வரையறுத்தால், மேலே உள்ள இரண்டு சேர்ப்புகளுமே இல்லை. ஜியின் வீச்சகம் [0, ∞), அது [−2, 2]க்குள் அடங்காது. எஃபின் வீச்சகம் [0, 2], அதுவும் [1, ∞)க்குள் அடங்காது. 'சேர்ப்பு வரையறுக்கப்படவில்லை' என்று எழுதும் மாணவருக்குச் சுழியம் போடும் நிலை வரக்கூடாது என்றால், 'சேர்ப்பு பொருள்படும் மிகப் பெரிய சார்பகத்தைக் காண்க' என்று வினாவிலேயே எழுதிவிடுங்கள். நான்கைந்து சொற்கள் கூடும், அவ்வளவுதான்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றுக்கும் இரு சார்பகங்களின் வெட்டே போதும். வகுத்தலில் கீழே இருப்பது சுழியமாகும் இடங்களையும் நீக்க வேண்டும். சறுக்குவது வர்க்கமூலங்களைப் பெருக்கும்போதுதான். √(எக்ஸ் − 1) × √(எக்ஸ் − 4) என்பதன் சார்பகம் [4, ∞). ஒரே வர்க்கமூலத்துக்குள் அடைத்து √((எக்ஸ் − 1)(எக்ஸ் − 4)) என்று எழுதியதும் எக்ஸ் ≤ 1 என்ற பகுதி முழுவதும் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துவிடும்; எக்ஸ் = 0 என்றால் இது 2 தரும், பழைய பெருக்கலுக்கோ அங்கே விடையே இல்லை. பின்னங்களிலும் இதே கதை. 1/(எக்ஸ் − 2)க்குள் 1/எக்ஸைப் போட்டுச் சுருக்கினால் எக்ஸ்/(1 − 2எக்ஸ்). ½ ஆகாது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 0 ஆகாது என்பது தெரிவதில்லை.

ஐந்து மதிப்பெண் வினா என்றால் இப்படிப் பிரிக்கலாம்: உள்சார்பின் சார்பகத்துக்கு 1, உள்சார்பின் விடை மீதான நிபந்தனையை எழுதித் தீர்ப்பதற்கு 2, வெட்டுக்கு 1, சுருக்கிய கோவைக்கு 1. கோவை மட்டும் எழுதியவருக்கு 1க்கு மேல் வேண்டாம். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பிரதியிடுவது பத்தாம் வகுப்பிலேயே பழகிய வேலை.

சொல் விஷயத்திலும் ஒரு சின்ன வேண்டுகோள். 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூல் 'மதிப்பகம்' என்கிறது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் அதையே 'சார்பகம்' என்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்று தெரியாமல், வீச்சகத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொற்களை ஒன்றாக்கும்வரை, பதினொன்றாம் வகுப்பின் முதல் இடைத்தேர்விலாவது 'சார்பகம் (மதிப்பகம்)' என்று இரண்டையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிக்கும் சிலர்