கணினி ஆய்வகத்துக்கு முதலில் எர்த் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்து அரசுப் பள்ளிகளுக்குக் கணினி ஆய்வகம் என்று செய்தி வந்தால் எத்தனை லட்சம், எத்தனை கணினி என்பதுதான் பேச்சாக இருக்கிறது. அதை ஓட வைக்கும் தொகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஓர் ஆய்வகத்துக்கு ஒருமுறைச் செலவாக 6.40 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதன்பின் ஆண்டுக்கு 2.40 லட்சம் வரை, 5 ஆண்டுகளுக்கு. பயிற்றுநர் ஊதியம், மின்சாரம், இணையம் எல்லாம் இந்த 2.40 லட்சத்துக்குள் அடக்கம். பழுது பார்க்க மிஞ்சுவது சொற்பம். அதனால் தொடக்கத்திலேயே சரியாகச் செய்துவிட வேண்டியவை சில உண்டு.

முதலாவது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. சேலம் பாறைப் பூமி. பல இடங்களில் சில அடி தோண்டியதும் கடப்பாரை பாறையில் மோதும். அதோடு நிறுத்தி, எர்த் குழாயை வெட்டிப் புதைத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் குழி காய்ந்ததும் எர்த் இல்லாத மாதிரிதான். ஆழம் கிடைக்காவிட்டால் குழாய் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு குழி போட்டு இணைக்க வேண்டும். கரியும் உப்பும் அடுக்க வேண்டும், கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிளக்கில் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. தறி ஓடும் அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் அங்கே இதில் அலட்சியம் கூடவே கூடாது.

அடுத்தது, மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் யுபிஎஸ்ஸின் பேட்டரி. தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் டியூபுலர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் அந்தத் தகடு கெட்டுவிடும். வரிசையில் ஒன்று போனாலும் மற்றவையும் சேர்ந்து இளைக்கும். மாதம் ஒருமுறை நீர்மட்டம் காட்டும் மிதவையைப் பார்த்தால் போதும். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது.

மே விடுமுறையில் மெயினை அணைத்துப் பூட்டிவிடுவதால் இன்னொரு கோளாறு வரும். கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் காசு அளவுக்கு சிஆர் 2032 என்று ஒரு செல் இருக்கிறது. மின்சாரம் இல்லாத நாட்களில் கணினியின் கடிகாரம் அதை வைத்துத்தான் ஓடும். பழைய செல் என்றால் ஜூனில் திறக்கும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். உடனே இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். நெட் போய்விட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்து அந்தக் கணினியை மூலையில் வைத்துவிடுகிறார்கள். சில பத்து ரூபாய் செல்லை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் ஓடும். ஒரு கணினி வீணானால் அதன் முன் உட்கார வேண்டிய இரண்டு பிள்ளைகளுக்கு அந்த வருடம் வேடிக்கை பார்ப்பதுதான் பாடம்.

250-க்கு மேல் 1,000 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுப் பள்ளி மானியம் 75,000 ரூபாய் என்பது வரம்பு. சுண்ணாம்பு, துடைப்பம் என்று பல கைகள் நீளும் பணம் அது. ஆனாலும் டிஸ்டில்டு வாட்டருக்கும் செல்லுக்கும் அதில் முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்கும்படி பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போடலாம். ஆய்வகம் அமைத்தவர் எர்த் அளவைத் தலைமையாசிரியர் முன் எடுத்துக் காட்டி, அந்த அளவை ஒப்படைப்புப் படிவத்தில் எழுதித் தந்த பிறகே இறுதித் தொகை விடுவிக்கப்பட வேண்டும். மாவட்டக் கல்வி நிர்வாகம் இந்த ஒரு நிபந்தனையை அடுத்த ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டுகிறோம்.

கணினி, யுபிஎஸ் பராமரிப்புப் பணியாளர்கள்,
அம்மாப்பேட்டை, சேலம்.